ஜன்னலில் தொடங்கிய வீட்டுப்பாடம் வான்கோழியில் போய் நிற்பது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம், வக்கீல் ஆகிய ஐந்து சொற்களும் எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். உதவிக்கு உட்கார்ந்த அம்மா, மகள் தூங்கப் போன பிறகும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். நள்ளிரவில் பார்த்தால், வான்கோழிக்குத் துருக்கி மொழியில் என்ன பெயர் என்று படித்துக்கொண்டிருந்தாராம். நோட்டில் ஒரு வரிகூட இல்லை. "எனக்கு மட்டும்தான் இப்படியா? திசை மாறாமல் தேட வழி உண்டா? வழியில் படித்ததில் எது உண்மை, எது கதை?" என்று கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு மட்டும் இல்லை. அகராதியோடு பிழைப்பு நடத்துகிற எல்லாருக்கும் இதே கதிதான். நீங்கள் போன வழியைக்கூட என்னால் ஊகிக்க முடிகிறது. ஜன்னல் போர்த்துகீசியச் சொல் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் அதே பக்கத்தில் போர்த்துகீசியர் விட்டுப்போன மற்ற சொற்களும் வரிசையாக இருந்திருக்கும்: மேசை, பொத்தான், பீப்பாய், பாதிரி, மேஸ்திரி, துவாலை, கொய்யா, அன்னாசி. "அட, மேஸ்திரியுமா!" என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். எங்கோ ஓர் ஓரத்தில், போர்த்துகீசியத்தில் வான்கோழிக்குப் பெயர் 'பெரு' என்று ஒரு வரி. பெரு ஒரு நாடாயிற்றே? அவ்வளவுதான், மணி பன்னிரண்டு.

வான்கோழி விவகாரம் உண்மையிலேயே வேடிக்கையானது, அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பறவையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது, இது எந்த ஊர்ச் சரக்கு என்பதில் ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்றார்கள், அதாவது இந்தியாவுடையது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரும் 'இந்தியாவின் கோழி' என்பதன் சுருக்கம். டச்சுக்காரர்கள் பொத்தாம்பொதுவாக இந்தியா என்று சொல்லாமல், ஊரையே கைகாட்டினார்கள்: அவர்களுடைய 'கல்கூன்' என்ற சொல்லில் இருப்பது நம் கோழிக்கோடு. (கோழிக்கோட்டின் பெயரில் ஏற்கெனவே கோழி இருக்கிறதே என்று அடுத்த தேடலுக்குக் கிளம்ப வேண்டாம்.) மலாய்க்காரர்கள் தங்கள் பங்குக்கு 'டச்சுக் கோழி' என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெரு என்று சொன்ன போர்த்துகீசியருக்குக் கண்டமாவது சரியாக இருந்தது.

தமிழுக்கு வந்தால் இன்னொரு முடிச்சு. 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்று மூதுரையில் படித்திருப்பீர்கள். மூதுரை பாடிய ஔவையாரைப் பொதுவாக 12ஆம் நூற்றாண்டையொட்டி வைப்பார்கள். கொலம்பஸ் அமெரிக்கப் பக்கம் போனது 1492இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498இல். அப்படியானால் மயிலைப் பார்த்துச் சிறகை விரித்த அந்தப் பறவை, இன்று நாம் வான்கோழி என்று சொல்கிற பறவையாக இருக்க முடியாது. ஏற்கெனவே வேறொரு பறவைக்கு இருந்த பெயரைப் புதிதாக வந்ததற்குக் கொடுத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் இதைப் பல முறை செய்திருக்கிறார்கள். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். காரத்துக்கு அதுவரை இருந்த மிளகின் பெயரோடு 'காய்' சேர்த்துக் கொடுத்து, வந்த விருந்தாளியை வீட்டு ஆளாக்கிவிட்டார்கள்.

பாருங்கள், பதில் சொல்ல வந்த நானும் மூன்று பத்தி தள்ளிப் போய்விட்டேன். சொற்பிறப்பில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம் சிதறுகிறது? கணக்கில் ஒரு விடை வந்தால் அதோடு முடிந்தது. சொல்லில் வருகிற ஒவ்வொரு விடையும் இன்னொரு சொல்லாக இருக்கிறது, அதற்கும் ஒரு பிறப்பு இருக்கிறது. அதனால் "திசை மாறாமல் இரு" என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது. நான் கடைப்பிடிக்கிற ஒரே பாகுபாடு இதுதான்: காலத்தில் பின்னோக்கிப் போகிற தேடல் வீட்டுப்பாடம், பக்கவாட்டில் போகிற தேடல் பொழுதுபோக்கு. இரண்டும் நல்லதுதான். எதில் இருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் போர்த்துகீசிய 'ஜனெலா'. அதற்குப் பின்னால் பேச்சு லத்தீனில் 'யானுவெல்லா', சின்னக் கதவு என்று பொருள். அதற்கும் பின்னால் 'யானுவா', கதவு. இதுவரை பின்னோக்கிப் போகிற நேர்கோடு. எட்டாம் வகுப்புக்கு முதல் நிறுத்தமே போதும்.

பக்கவாட்டுப் பயணம் இந்த யானுவாவில்தான் ஆரம்பிக்கிறது. அதோடு உறவுள்ளவர் யானஸ், ரோமானியர்களின் வாசல் தெய்வம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு முகம் அவருக்கு. அவர் பெயரால் வந்த மாதம் ஜனவரி. ஆக, ஜன்னலும் ஜனவரியும் பங்காளிகள். இதைப் படித்த பிறகு சாவிக்குத் திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்?

ஜனவரிக்குப் போனவர் டிசம்பரை எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவற்றின் பெயர்களில் இருப்பது லத்தீன் எண்கள்: ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பழைய ரோமானியர்களுக்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் கணக்கு அப்போது சரியாக இருந்தது. பிறகு தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்தது, பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. ஒன்பதாம் மாதம் என்று பெயர் வைத்துக்கொண்டு நவம்பர் பதினோராவதாக வருகிறது.

நம் ஒன்பதின் கதை இதைவிட விநோதம். இருபது, முப்பது, எண்பது என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது தொண்ணூறு எங்கிருந்து குதித்தது என்று எந்தக் குழந்தையாவது உங்களைக் கேட்டிருக்கும். ஒன்பதுக்குப் பழந்தமிழில் 'தொண்டு' என்றும் ஒரு சொல் இருந்தது. பரிபாடலில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணிக்கொண்டு வருகிற இடத்தில், எட்டுக்கு அடுத்து வருவது தொண்டுதான். அந்தத் தொண்டு வழக்கில் இருந்து போய்விட்டது, அதன் வாடை தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்பதுக்குள் பத்து இருக்கிறது, தொண்ணூறுக்குள் நூறு, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த படியைப் பார்த்தே பெயர் வாங்கியிருக்கிறது. ஒன்பதைப் 'பத்துக்கு ஒன்று குறைவு' என்று விளக்குகிறவர்கள் உண்டு. லத்தீனில் பத்தொன்பதை 'இருபதுக்கு ஒன்று குறைவு' என்றுதான் சொன்னார்கள். இந்தியின் 'உன்னீஸ்' என்ற பத்தொன்பதிலும் அதே குறைவுக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஜன்னலிலிருந்து தொண்ணூறுக்கு வந்துவிட்டோம். உங்கள் மகள் இதை நோட்டில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவார். ஆனாலும் இது பயனில்லாத அலைச்சல் இல்லை, ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் பக்கத்து எண்ணான எட்டில்தான் இருக்கிறது.

தேடும்போது "ஆங்கில எயிட் தமிழ் எட்டிலிருந்து வந்தது, வன் ஒன்றிலிருந்து வந்தது" என்று படித்திருப்பீர்கள். கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சொல் உறவா இல்லையா என்பதை இன்றைய முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். உறவுச் சொற்கள் என்றால் பின்னால் போகப் போக நெருங்கி வரும். தற்செயல் என்றால் விலகிப் போகும்.

நடத்திப் பார்ப்போம். ஆங்கில எயிட் பழைய ஆங்கிலத்தில் 'எஆஹ்த'. அதன் கூடப்பிறந்தவை ஜெர்மன் 'அக்ட்', லத்தீன் 'ஒக்டோ', வடமொழி 'அஷ்ட'. அக்டோபரும் அஷ்டமியும் ஒரே குடும்பம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. தமிழ் எட்டைப் பின்னால் நடத்தினால் என்ன வருகிறது? எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம். கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அடியில் இருப்பது 'எண்'. ஒரு பக்கம் ஒக்டோ, மறுபக்கம் எண். இன்றைக்கு ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருப்பவை, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு முன்னால் முகம் தெரியாதவர்கள். வன்னும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. முன்னால் இருக்கிற வகர ஒலி பிறகு ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டு இல்லாத பழைய உச்சரிப்பு 'ஒன்லி', 'அலோன்' ஆகிய சொற்களில் இன்னும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. பார்த்தால் ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள், பின்னால் நடந்தால் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆங்கில 'வீல்' வடமொழிச் சக்கரத்தின் உடன்பிறப்பு. தோற்றத்தை நம்பித் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பக்கமும் ஏமாற வேண்டியதுதான். தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ம்பபரம் மொழியைப் பாருங்கள். அதில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தொல்காப்பியர் இதை எப்போதோ ஒரே வரியில் சொல்லிவிட்டார்: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிடாது. பார்த்தவுடனே தெரிகிற காரணம் எதையும் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆங்கிலத்தில் செய்திக்குரிய 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பொது அறிவுப் புத்தகங்கள் இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கின்றன. 'நியூ' என்பதன் பன்மை, அவ்வளவே. 'அம்மா'வில் உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் இருக்கின்றன என்பதும் அழகான கவனிப்பு. ஆனால் அது எழுத்தைப் பற்றியது, பிறப்பைப் பற்றியது அல்ல. உதட்டை மூடித் திறந்தால் வருகிற அந்த ஒலி உலகத்தில் பாதி மொழிகளில் தாயைக் குறிக்கிறது. ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'டெடா'.

எல்லாமே பொய் என்றும் நினைத்துவிட வேண்டாம். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத் தண்ணீரும் ஆங்கில அகராதிகளில் முறையாகப் பதிவானவை. அதே நேரத்தில் பாதி உண்மைகளும் உண்டு, அவைதான் பெரிய தலைவலி. 'கேஷ்' காசிலிருந்து வந்ததா? ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் இருக்கின்றன. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ், தமிழ்க் காசு போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. ரொக்கம் என்ற பொருளில் தினமும் புழங்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. யார் வாதாடினாலும் பாதி ஜெயிக்கலாம்.

உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே ருசியான சொல் ஏலம். அதை வைத்து ஒரு சோதனை. "அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கிய ஏலக்காயை வியாபாரிகள் சுற்றி நின்று விலை கூவி வாங்கினார்கள். ஏலத்தை விற்ற முறை என்பதால் அதற்கு ஏலம் என்றே பெயர் வந்தது." எப்படி இருக்கிறது? இப்போதுதான் நான் உட்கார்ந்த இடத்தில் கட்டிய கதை. யாராவது இதைப் படம் போட்டுப் பகிர்ந்தால் நாளைக்கே ஊர் முழுக்கச் சுற்றும். காரணம் இருக்கிறது, காட்சி இருக்கிறது, சொல்லும் பொருந்துகிறது.

இதை உடைக்க மலையாளம் போதும். அவர்களுக்கு ஏலக்காய் 'ஏலம்', கூவி விற்பது 'லேலம்'. இரண்டும் வேறு வேறு சொல். தெலுங்கில் கூவி விற்பது 'வேலம்', இந்தியில் 'நீலாம்'. எல்லாமே போர்த்துகீசிய 'லெயிலாவ்' என்ற சொல்லின் வாரிசுகள். தமிழில் ல எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய மரபு. லாபத்தை 'இலாபம்' என்றும், லட்சத்தை 'இலட்சம்' என்றும் எழுதுகிறோமே, அதற்குக் காரணம் அதுதான். ஏலத்தில் முன்னால் இ சேர்வதற்குப் பதில் தலையிலிருந்த ல் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததும் தற்செயலாக ஏலக்காய் ஏலத்தோடு ஒரே உருவமாகிவிட்டது. ஏலக்காய் ஏலம் இங்கேயே பிறந்தது, விற்கிற ஏலம் கப்பலில் வந்தது. ஒரு சொல்லைச் சந்தேகப்பட்டால் முதலில் பக்கத்து மொழிக்காரர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பாதி கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

சாவிக்கும் அலமாரிக்கும் இவ்வளவு சிக்கல் இல்லை. சாவி, போர்த்துகீசிய 'ஷாவி'. இன்று அவர்கள் ஷகரமாக உச்சரித்தாலும், இங்கே வந்து இறங்கிய காலத்தில் அழுத்தமான சகரம்தான், அதனால்தான் தமிழில் சாவியானது. அதன் மூலம் லத்தீன் 'க்ளாவிஸ்'. நாம் முன்பு திறவுகோல் என்றோம், ஈழத்தமிழில் இன்றும் திறப்புதான். அலமாரி, போர்த்துகீசிய 'அர்மாரியூ'. அதன் லத்தீன் மூலம் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கிற பெட்டியைக் குறித்தது. 'ஆயுதம் எடு!' என்ற இத்தாலியக் கூச்சல்தான் அலாரம் ஆனது என்பதால், அலமாரியும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அலாரமும் தூரத்துச் சொந்தம். இது பக்கவாட்டுச் சமாசாரம், நோட்டுக்கு வேண்டாம்.

வக்கீல் வேறு வழியாக வந்தவர். அரபி 'வகீல்', பிறருக்காகப் பேசுகிறவர், முகவர் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக நிர்வாகத்தோடு சேர்ந்து வந்தது. அவர் தனியாகவும் வரவில்லை. கைதி, ஜாமீன், ஆஜர், ஜப்தி, ரத்து, வாரிசு, அசல், நகல், ரசீது என்று ஒரு நீதிமன்றமே கூடவே வந்தது. ஒரு சொல் எந்தக் கூட்டத்தோடு வந்தது என்று பார்ப்பதும் நல்ல துப்பு. போர்த்துகீசியச் சொற்கள் வீட்டுச் சாமான்களிலும் பழங்களிலும் தேவாலயத்திலும் குவிந்திருக்கும், அரபி பாரசீகச் சொற்கள் கோர்ட்டு கச்சேரியிலும் வரிவசூலிலும் குவிந்திருக்கும். யார் எதற்காக வந்தார்கள் என்பது அப்படியே தெரியும்.

சரி, எங்கே தேடுவது? இந்த வகை வீட்டுப்பாடத்துக்கு ஒரே புத்தகம் போதும்: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். கடன் சொல் என்றால் எந்த மொழி என்று பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். போர்த்துகீசியம், டச்சு, உருது ஆகியவற்றிலிருந்து வந்தவற்றுக்கு அதைப் பெரும்பாலும் நம்பலாம். வடமொழி என்று அது குறித்திருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அவற்றில் பல பிறகு கேள்விக்குள்ளாயின. தேவநேயப் பாவாணர் அதைக் கடுமையாக மறுத்தவர்களில் முக்கியமானவர். அவருடைய வேர்ச்சொல் ஆய்வுகளில் தமிழ்ச் சொற்குடும்பங்களைப் பார்க்கிற கண் அபாரம். ஆனால் வேரை உலக மொழிகள் வரைக்கும் அவர் இழுத்துக்கொண்டு போகிற இடங்களில் நான் கூடப் போவதில்லை. திராவிட மொழிகளுக்குள் உறவு பார்க்க பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. மேலே எட்டுக்குச் செய்த வேலையெல்லாம் அதை வைத்துத்தான் செய்வார்கள்.

ஒரு புத்தகத்தை மட்டும் வீட்டுப்பாடம் முடியும் வரை திறக்காதீர்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களின் அகராதி. ஒரு சொல்லுக்குப் போனால் பழைய மாலுமிகள், வியாபாரிகள், பாதிரிகள் எழுதிய கடிதங்களிலிருந்து மேற்கோள் மேல் மேற்கோளாக அடுக்கியிருப்பார்கள். அதன் தலைப்பே ஒரு வலை: மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரல், ஆங்கிலேயச் சிப்பாய்களின் காதில் விழுந்து அப்படித் திரிந்தது. அதற்குள் போனவர்கள் அன்றைக்குத் திரும்பி வருவதில்லை.

நடைமுறையில் நான் செய்வது சாதாரணம். அடுத்த பக்கத்தைத் திறக்கும் முன் இந்தச் சொல்லுக்கான ஒரு வரியை எழுதி முடித்துவிடுவது. பக்கவாட்டில் கண்ணில் படுகிறவற்றைத் தனித் தாளில் ஒரே சொல்லாகக் குறித்துக்கொள்வது. 'வான்கோழி?' என்று கேள்விக்குறியோடு எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும். விடிந்த பிறகும் பாதி கேள்விகள் சுவையாகவே இருக்கும், மீதி ஏன் எழுதினோம் என்றே தெரியாது.

நோட்டில் என்ன எழுதலாம்? பள்ளி இலக்கணத்தில் பிறமொழியிலிருந்து வந்து கலந்தவற்றைத் திசைச்சொல் என்கிறார்கள், இந்தப் பாடத்தின் நோக்கம் அநேகமாக அதுதான். (தொல்காப்பியர் திசைச்சொல் என்றது செந்தமிழ் நிலத்தை ஒட்டிய பன்னிரண்டு நிலங்களின் சொற்களை. போர்த்துகீசியரை அவர் கண்டாரா?) ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம் நான்கும் போர்த்துகீசியம், வக்கீல் உருது வழியாக வந்த அரபி. ஒவ்வொன்றுக்கும் மூலச்சொல்லும் அதன் பொருளும் ஒரு வரி, அதற்குத் தமிழில் முன்பிருந்த சொல் ஒரு வரி. ஜன்னலுக்குச் சாளரம், பலகணி இரண்டும் எழுதலாம். மகளுக்கு ஆர்வம் இருந்தால் 'காலதர்' என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர்' என்று வருகிறது, மானின் கண் போன்ற ஜன்னல். ஆங்கில 'விண்டோ'வின் மூலமோ, வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'. எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு ஊர்க்காரர்கள், சுவரில் விட்ட ஓட்டைக்குக் காற்றையும் கண்ணையும் வைத்தே பெயர் யோசித்திருக்கிறார்கள்.

கூடுதலாக ஒரு டச்சுச் சொல்லும் சேர்த்தால் ஆசிரியர் மெச்சுவார் என்று தோன்றினால், துட்டு எழுதலாம். 'டாயிட்' என்ற டச்சுச் செப்புக் காசுதான் அது. கக்கூஸும் டச்சுதான், அதன் மூலமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாகத் தெரியும்: முதல் பாதி மலம், இரண்டாம் பாதி வீடு. வகுப்பில் எழுந்து நின்று அதை விளக்கச் சொல்வார்கள் என்பதால், அதை உங்கள் தனித் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.